கண்ணாடிக்குள் ஒரு நீலச் சட்டை

அலுவலக வராந்தாவில் வெள்ள நிவாரணப் பட்டியலைக் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டியிருக்கிறார்கள். ஆளின் பெயர், கிடைத்த தொகை, மூழ்கிய வயலின் படம் எல்லாம் இருக்கிறது. மழை மூட்டத்து மங்கல் வெளிச்சத்தில் அவள் மூன்றாவது தடவையாக மேலிருந்து கீழே விரலை ஓட்டுகிறாள். புருஷன் பெயர் எங்கேயும் இல்லை. அவனோ சேறு காயாத காலோடு, என்ன ஆச்சு என்று கேட்கவும் பயந்து பின்னால் நிற்கிறான். விரல் ஒரு படத்தில் நின்றுவிடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு வைக்கோல் பொம்மை. அதற்கு நீலச் சட்டை. நீல நூல் தீர்ந்துபோய், தோளில் சிவப்பு நூலால் அவளே போட்ட தையல். "ஏங்க, இது உங்க சட்டைதானே?" அவன் கண்ணாடியில் நெற்றி இடிக்கக் குனிகிறான். "நம்ம வயலேதான்டி." படத்துக்குக் கீழே மில் முதலாளியின் பெயர். அவர் நிலம் இருப்பது மேட்டில். வெள்ளம் அந்த வரப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இது எங்க வயலு சார்," என்று அவள் ஜன்னல் வழியாகச் சொல்கிறாள். உள்ளே கிளார்க் நிமிரவே இல்லை. "நாங்க எதையும் மூடி மறைக்கலம்மா. எல்லாரும் பாக்கத்தானே வெளியில ஒட்டியிருக்கு, நல்லா பாத்துக்குங்க." இருவரும் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குள் அந்தப் பொம்மை, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, மில் முதலாளிக்காக நனைந்துகொண்டிருக்கிறது.