போர்வைக்கு நாலு ஊக்கு

"பெத்தவளா இருந்தா தூக்கத்துலகூடக் கை தன்னால தேடிப்போய்ப் போர்த்திவிடும்" என்று நாத்தனார் சொன்னது ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"இனிமே போர்வை விலகாம பார்த்துக்கறேன் அண்ணி" என்றாள் அவள்.

"பார்ப்போம். இந்தப் பொண்ணு இன்னொரு தடவை சளி கட்டி இங்க வந்து படுத்தாளோ, அன்னிக்கே பொத்தானை நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அது நடந்து பத்து நாளாகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அலாரத்தை அணைத்துவிட்டு எழுந்தவளுக்கு மறுபடியும் பகீரென்றது. அடுத்திருந்த சின்னக் கட்டிலில் பொத்தான் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தது. போர்வை அவளுடைய கட்டிலின் கால்மாட்டில், தரையில் கிடந்தது.

பொத்தானுக்கு ஆறு வயது. பெற்றவள் தையல்காரி. மெஷினுக்கு அடியில் உட்கார்ந்தே வளர்ந்த பெண் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டிய துண்டுத் துணிகளையெல்லாம் சேர்த்து அவள் தைத்த கனத்த போர்வைதான் இது. வேறு எதைப் போர்த்தினாலும் குழந்தை தூங்காது.

அந்தத் தையல்காரி ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அவள் போய் ஒன்றரை வருஷமாகிறது. இவள் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தும், பொத்தான் இதுவரை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. "தண்ணி குடுங்க", "ஜடை பின்னி விடுங்க" என்பதோடு சரி. கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசுகிறது என்று கணவன் சிரிப்பான்.

அவன் பேக்கரியில் ரொட்டி அடுப்பில் நிற்பவன். ராத்திரி பத்தரைக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் வருவான். அவள் மீன் கிடங்கின் குளிர் அறையில் பெட்டி கட்டுபவள். கம்பளிக் காலுறை போட்டாலும் வீடு திரும்பிய பிறகுகூட அவள் பாதம் சூடேறாது. "எனக்கு அடுப்பு, உனக்கு ஐஸ் பெட்டி. நல்ல ஜோடிப் பொருத்தம்" என்பான்.

குழந்தை உதைத்துத் தள்ளுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நான்கு பெரிய ஊக்குகள் வாங்கி வந்து, பக்கத்துக்கு இரண்டாக, போர்வையை மெத்தை விரிப்போடு சேர்த்துக் குத்தினாள். இனி எப்படி விலகும் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் போர்வை அதே கால்மாட்டில் கிடந்தது. விரிப்பு கிழியவில்லை. நான்கு ஊக்குகளும் மூடப்பட்டு, தலையணை ஓரத்தில் வரிசையாக இருந்தன.

வாசல் கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஜன்னல்களையும் பார்த்தாள். எல்லாம் சாத்தித்தான் இருந்தன.

வேலை முடிந்து வந்த கணவன் அந்த வரிசையைப் பார்த்ததும், மாவு படிந்த சட்டையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பொத்தானோட அம்மா இப்படித்தான் வெப்பா" என்றான். "யார் கையிலயும் குத்திடக் கூடாதுன்னு மூடி, எல்லாத் தலையும் ஒரே பக்கமா."

அவள் ஊக்குகளையே பார்த்தாள். தான் தைத்த போர்வையை அந்தத் தையல்காரி திரும்ப எடுத்துக்கொள்கிறாளா? இல்லை, இவள் கையால் போர்த்துவதுதான் பிடிக்கவில்லையா? இன்றைக்கு ஒரு ராத்திரி லீவு போடச் சொல்லிக் கணவனைக் கேட்டுப் பார்த்தாள். அடுப்புக்கு வேறு ஆள் இல்லை, ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கொள் என்றான். பொத்தான் அன்றைக்கு இரண்டு தடவை இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் நாத்தனாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

அன்று இரவு ஊக்குகளைக் குத்திவிட்டு, தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தாள். எது வந்தாலும் சரி, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவது என்று செருப்பைக்கூடக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தாள்.

ஒரு மணி இருக்கும். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவள் எண்ணினாள். நான்கு.

கனமான துணி தரையில் இழுபடும் ஓசை அவள் கட்டிலைச் சுற்றி வந்தது. வாரி எடுக்க வேண்டும் என்று நினைத்தவளுக்குக் கையே அசையவில்லை. கால்மாட்டில் யாரோ மூச்சு விட்டார்கள். அவளுடைய போர்வை மெல்ல விலகியது. உள்ளங்காலில் விரல்கள் பட்டன.

சிறிய, சூடான விரல்கள்.

கண்ணைத் திறந்தாள். தன்னைவிடப் பெரிய போர்வையை இரண்டு கைகளாலும் தூக்கி, அவள் பாதங்களைச் சுற்றிச் சுற்றிப் பொதிந்துகொண்டிருந்தது பொத்தான். உதடு குளிரில் நடுங்கியது.

அவள் எழுந்து குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "தினமும் நீதானா? நான்தான் தூக்கத்துல உதறித் தள்ளியிருக்கேனா? ஏன் கண்ணு, உனக்குக் குளிராதா?"

பொத்தான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"எங்க அம்மா காலும் அன்னிக்குக் காலையில இப்படித்தான் இருந்துச்சு. நான் போர்த்திவிடலை."

குழந்தை அவள் காதருகே வந்து, இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டது.

"நீயும் சில்லுன்னு ஆயிடாதம்மா."