மாதங்கி போன சாயங்காலம்

“போயிட்டா, சகுந்தலா! எல்லாரையும் விட்டுட்டுப் போயே போயிட்டா!”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார் ஜம்புலிங்கம். அழுகை துண்டுக்குள் அடங்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

எதிர்வீட்டு முனிரத்தினம் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

“இன்னா ஜம்பு, யாரு போயிட்டா?”

“மாதங்கி.”

“யாரு, உங்க வேலூர் சித்தியா?”

“இல்லண்ணே... பேய்.”

முனிரத்தினம் அவர் தோளுக்கு மேலாக எட்டி டிவியைப் பார்த்தார். திரை முழுக்கப் புகை. நடுவில் ஒரு ஜோடிக் கொலுசு. ‘மேல்மாடி மாதங்கி’ சீரியலின் கடைசி எபிசோடு. பேயைக் கரைத்துவிட்டு விளம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஆண்டர்சன்பேட்டையில இவ்ளோ பெரிய டிவி கடை வெச்சினு, ஒரு பேய் போனதுக்கா அழுவுற?”

“எனக்கே அசிங்கமாத்தான் கீது. கண்ணு கேக்க மாட்டேங்குது.”

சிரிப்பார் என்றுதான் ஜம்புலிங்கம் எதிர்பார்த்தார். முனிரத்தினம் சிரிக்கவில்லை. அவரை ஒரு மாதிரி பார்த்து, தோளில் தட்டி, “மனசத் தேத்திக்கப்பா” என்று சாவு வீட்டில் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை மூச்சுகூட விடாமல் இருந்த சகுந்தலா, ஜம்புலிங்கம் கதவைச் சாத்தியதும் வெடித்துச் சிரித்தாள்.

“வேலூர் சித்தியாமே!”

“சிரி, சிரி. நீ மூக்க உறிஞ்சினது எனக்குக் கேக்கலேன்னு நெனச்சியா?”

இந்த சீரியலை ஆரம்பத்தில் ஊரிலேயே அதிகமாகக் கிண்டல் செய்தவர் ஜம்புலிங்கம்தான். கல்யாணமான கையோடு செத்துப்போனவள், புருஷன் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, அவன் வைத்த பால் பொங்காமல் பார்த்துக்கொள்வாளாம், சிகரெட்டை ஒளித்து வைப்பாளாம். “பேய் பாக்கறதுக்கு இன்னாத்துக்கும்மா பெரிய டிவி? சின்னதுலயே நல்லா பயமுறுத்தும்” என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லித் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டவர்.

அப்புறம் மாதங்கியின் கண் கலங்குவது சரியாகத் தெரியவில்லை என்று, கடையில் இருந்ததிலேயே பெரிய டிவியைத் தூக்கி வந்து வீட்டில் மாட்டிக்கொண்டதும் அவர்தான். இன்றைக்கு ‘ஸ்டாக் எடுக்கணும்’ என்று பொய் சொல்லி, வாடிக்கையாளர்களை விரட்டாத குறையாகக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்.

விளம்பரம் முடிந்தது. கொலுசைக் கையில் எடுத்து, ‘போகாதே’ என்று புருஷன் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மாதங்கி திரும்பி வந்துவிடுவாள். புருஷன் நடுங்கிக்கொண்டே கொலுசை எடுத்தான்.

“ஐயோ!” என்று கத்தினாள் சகுந்தலா.

“இன்னா?” என்று ஜம்புலிங்கம் கேட்டு வாய் மூடுவதற்குள், புருஷன் கையிலிருந்து கொலுசு நழுவி விழுந்தது. எப்போதும் இப்படித்தான். என்ன நடக்கப் போகிறது என்பது சகுந்தலாவுக்கு ஒரு நொடி முன்னாலேயே தெரிந்துவிடும்.

“கூப்புட்றா! ஒரு வார்த்த சொல்றா மடையா!” ஜம்புலிங்கம் டிவியைப் பார்த்துக் கையை வீசினார். மடியிலிருந்த மிக்சர் தட்டு கவிழ்ந்தது.

புருஷன் வாயைத் திறந்தான். மூடினான். வயலின் அழுதது. வணக்கம் போட்டுவிட்டார்கள்.

“பாத்தீங்களா?” சகுந்தலாவின் குரல் கரகரத்தது. “செத்தவளே திரும்பி வந்து வாசல்ல நின்னாலும், இந்த ஆம்பளைங்க வாயில வார்த்த வராது.”

“அவன் சொல்லத்தான் வந்தான். இவ கொஞ்சம் நின்னாளா? எதுக்கெடுத்தாலும் பொட்டியத் தூக்கினு கெளம்பிட வேண்டியது.”

“பேய்க்கு ஏதுங்க பொட்டி?”

ஜம்புலிங்கம் குனிந்து மிக்சரைப் பொறுக்க ஆரம்பித்தார். தரை மங்கலாகத் தெரிந்தது. ஐம்பது வயது தாண்டி, தலையில் பாதி வழுக்கை விழுந்த பிறகு, மாடியில் குடியிருந்த பேய்க்காகத் தரையில் உட்கார்ந்து அழுகிற ஒரே வியாபாரி தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

“திரும்ப அழுவறீங்களா?”

“சே, மிக்சர் காரம்.”

“எனக்கும் காரம்தான்” என்றாள். பிறகு, “நாளையிலேர்ந்து இந்த நேரத்துக்கு இன்னா பண்றது?” என்று கேட்டாள்.

“பாம்பு சீரியல் ஒண்ணு புதுசா வருதாம்.”

“வேணாம். பாம்புன்னா எனக்கு பயம்.”

டிவியை அணைத்தார். கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

“சகுந்தலா...”

“இன்னாங்க?”

“ஒண்ணுமில்ல.”

டிவி ஸ்டாண்டின் மேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம், அடுத்த ஊர் சாம்பியன் ரீப்ஸில், அவள் அம்மா வீட்டு டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, வெச்சிடறேன்” என்றாள் சகுந்தலா. “நாளைக்குக் கோலார் கோர்ட்டுல டைவர்ஸ் கேஸு கூப்புடும்போது, ஒரு வருஷமா நமக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லேன்னு சொல்லணும், மறந்துடாதீங்க.”