ஜன்னலுக்கு மெத்தை

“சத்தம் ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாது. ஆனா உள்ளே எல்லாப் பசங்களுக்கும் கேக்கணும். முடியுமா, முடியாதா?”

பள்ளி அரங்கத்தின் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றபடி தலைமை ஆசிரியை கேட்டார். சவுண்ட் சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்தார்.

“சத்தத்தைத் தூக்கி நிறுத்தத்தான் மேடம் என்னை எல்லாரும் கூப்பிடுவாங்க. பொத்தி வைக்கக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்.”

“வேற வழி இல்லைங்க. எதிர்ல அந்த மாடி வீடு தெரியுதா? போன வருஷம் இதே படம். பாதியில அந்த வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்காத குறையா தட்டினாரு. நான் கதவைக்கூடத் திறக்கலை. ‘நிறுத்திட்டோம் சார், நிறுத்திட்டோம்’னு உள்ளேருந்தே கத்திட்டு, படத்தை அணைச்சிட்டேன். பசங்க அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போச்சுங்க.”

“அப்புறம் அவர்கிட்ட பேசிப் பாக்கலையா?”

“எங்க பேசறது? வாசல்ல என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாரு. பசங்க அவருக்கு ‘உர்ர்’ தாத்தான்னே பேரு வெச்சிடுச்சுங்க. இந்த வருஷமும் பாதியில நின்னா, இனிமே பள்ளிக்கூடத்துல படமே கிடையாதுன்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. அதான் பயமா இருக்கு.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. சவுண்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“கவலையை விடுங்க மேடம். டும்டும்னு வர்ற சத்தம்தான் சுவரைத் தாண்டி ஓடும். அதைக் குறைச்சிடலாம். பெரிய பெட்டிங்க வண்டியிலேயே தூங்கட்டும். சின்னப் பெட்டிங்களைப் பசங்களுக்கு நடுவுல அங்கங்க வெச்சா, கொஞ்ச சத்தமே போதும். ஜன்னல்தான் இடிக்குது.”

“அதுக்கு நானாச்சு!” என்றார் விளையாட்டு ஆசிரியர். வாயில் விசில் இல்லாவிட்டாலும் அவர் பேச்சே விசில் போலத்தான் இருக்கும். வாட்டசாட்டமான ஆள். குட்டிக்கரணம் போடும் மெத்தைகளை அறையிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வந்து, மாடி வீட்டைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாவற்றிலும் சாத்திக் கட்டினார். அரங்கம் கும்மிருட்டானது.

“ஆஹா, எனக்கு வசதியாப் போச்சு” என்றார் சவுண்ட்காரரின் மனைவி. புரொஜெக்டர் அவர் பொறுப்பு. “ஏங்க, படம் மேல அகலமாவும் கீழே குறுகலாவும் விழுது பாருங்க. மேசையை நல்லாத் தூக்குங்க.”

“நான் வயரைப் பிடிப்பேனா, மேசையைத் தூக்குவேனா?”

“வயரைப் பிடிச்சு என்னத்தக் கண்டீங்க? அரை மணியா ஒரே வயரைத்தான் பிடிச்சிட்டு நிக்கறீங்க.”

“கல்யாணத்தன்னைக்கே உன் வாய்க்கு ஒரு வால்யூம் பட்டன் வெச்சிருக்கணும்.”

“வெச்சிருந்தா அதையும் ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டிருப்பீங்க.”

இதற்குள் விளையாட்டு ஆசிரியர் தெருவில் போய் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“படச் சத்தம் சுத்தமா கேக்கலை மேடம். இவங்க ரெண்டு பேர் சண்டைதான் தெளிவா கேட்டுச்சு.”

தலைமை ஆசிரியைக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மாலையில் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கைதட்டக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. படம் தொடங்கியது. தொலைந்துபோன நாய்க்குட்டி ஒன்று வீட்டைத் தேடி அலையும் கதை. புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டியும் ஒரு பிள்ளை அசையவில்லை.

போன வருஷம் நின்ற இடம் வந்தது. நாய்க்குட்டி ஆற்றங்கரையில் தயங்கி நின்றது. தலைமை ஆசிரியை வேண்டாத தெய்வமில்லை. நாய்க்குட்டி ஆற்றில் குதித்தது! பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார்கள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தடதடவென்று கதவு தட்டப்பட்டது.

சவுண்ட்காரரின் கை தானாக வால்யூமுக்குப் போனது. “வேணாம், ஓடட்டும். இந்தத் தடவை நான் நேர்லயே பேசிடறேன்” என்று தலைமை ஆசிரியை வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். எதிரே மாடி வீட்டுக்காரர். முகம் சிவந்திருந்தது.

“சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சவுண்டை இதுக்கு மேல குறைக்க முடியாது. குழந்தைங்க ஒரு வருஷமா காத்திருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கங்க சார்.”

“ஜன்னலையெல்லாம் எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க?”

“உங்களுக்காகத்தான் சார்!”

“எனக்காகவா? நல்லா இருக்கும்மா நீங்க பண்றது!” அவர் அடைத்திருந்த ஜன்னலைக் கை நீட்டிக் காட்டினார். “வருஷா வருஷம் நானும் என் வீட்டம்மாவும் எங்க பால்கனியில உக்காந்து, இந்த ஜன்னல் வழியா உங்க படத்தைத்தான் பாக்குறோம். போன வருஷம் உங்க விளையாட்டு வாத்தியார் குறுக்கே மறைச்சுக்கிட்டு நின்னாரு. ‘கொஞ்சம் நகருங்க சார்’னு சொல்ல வந்தேன், அதுக்குப் போய்ப் படத்தையே நிறுத்திட்டீங்களேம்மா!”