பழைய ரிவால்வர்

"இது ரொம்பப் பழசு" என்றாள் வெர்னா.

கண்ணாடி மேஜைமேல் கிடந்த ரிவால்வரை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் கார்லன்டுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முதலில் போன கடையில் விலை ஜாஸ்தி என்றாள். அடுத்த கடையில் கனம் ஜாஸ்தி என்றாள். இங்கே விலையும் கம்மி, கனமும் கம்மி. இப்போது வயசு ஜாஸ்தியாம்!

"பழசுதாம்மா" என்றார் கடைக்காரர் ஹாஸ்கெல். "போலீஸ்காரங்க புது மாடல் வாங்கினதும் இதைத் தள்ளிவிட்டாங்க. ரிட்டயர்டு போலீஸ்காரர்னு வச்சுக்கயேன். என்ன, இதுக்குத் தொப்பை விழலை."

கார்லன்ட் சிரித்தான். வெர்னா சிரிக்கவில்லை.

அவன் ரிவால்வரைக் கையில் எடுத்தான். மரப்பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"நம்பி வாங்கலாமா ஹாஸ்கெல்?"

"புதுசுல தோட்டா சிக்கிக்கும். இதுல அந்த வம்பே கிடையாது. இழுத்தா வெடிக்கும். இதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"கேட்டியா வெர்னா? இப்ப என்ன சொல்றே?"

"துரு பிடிச்சிருக்கு."

"எங்க?"

"எங்கயாவது இருக்கும்."

தோட்டா வாங்க வந்து பின்னால் காத்திருந்த இளைஞன் ஒருவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "அண்ணே, துப்பாக்கி வாங்க வந்தீங்களா, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தீங்களா?"

கார்லன்டின் காது மடல் சிவந்துவிட்டது. அவளைத் தூண்டில் கம்புகள் அடுக்கியிருந்த பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மானத்தை வாங்காதே வெர்னா. யாருக்காக வாங்கறேன்? எனக்கா?"

அவளுக்காகத்தான். கார்லன்ட் லாரி டிரைவர். ஓக்லஹோமாவில் சரக்கேற்றிக் கிளம்பினால் கடற்கரையைத் தொட்டுவிட்டு வீடு திரும்ப வாரக்கணக்காகும். பனிக்காலத்தில் மகன் டோபின் கார் விபத்தில் இறந்துபோன பிறகு கார்லன்ட் வண்டியைத் தொடவில்லை. வருகிற திங்கட்கிழமைதான் மறுபடி கிளம்புகிறான். ஊருக்கு வெளியே, மண்சாலையின் கடைசியில் இருக்கிறது வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. போன மாதம் அந்தச் சாலையில் ஒரு வீட்டில் திருடன் புகுந்திருந்தான். வெர்னா தூக்கத்தைத் தொலைத்ததும் அதனால்தான் என்று நினைத்தான். கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தான். அப்போதும் அவள் தூங்கவில்லை.

"எந்நேரமும் லைட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, நான் கவனிக்கலைன்னு நெனைச்சியா?"

"கவனிக்கறேன்னு தெரியும்."

"அப்புறம் என்ன? நான் நடுரோட்டுல எங்கயோ கெடக்கறப்போ எவனாவது கதவை உடைச்சா என்ன பண்ணுவே? கொஞ்சம் இருப்பா, துப்பாக்கி பழசா இருக்கு, புதுசு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லுவியா?"

அவள் தரையைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"சரி, வாங்கு. ஆனா ஒரு இரும்புப் பெட்டியும் சேர்த்து வாங்கு. அதுல வச்சுப் பூட்டிட்டு, சாவியை நீ எடுத்துட்டுப் போயிடு."

கார்லன்ட் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "சாவியை நான் எடுத்துட்டுப் போயிட்டா நீ எதை வச்சு சுடுவே? மூளை கீளை இருக்கா உனக்கு? ஹாஸ்கெல், கேட்டீங்களா இந்தக் கதையை?"

ஹாஸ்கெல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரிக்கவில்லை. வெர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்லன்ட் மேஜைக்குத் திரும்பினான். பர்ஸைத் திறந்து, அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸை எடுத்து வைத்தான். "இதையே குடுங்க. அவ பேச்சைக் கேட்டா இன்னைக்கு முழுக்க கடை கடையா அலைய வேண்டியதுதான்."

ஹாஸ்கெல் லைசென்ஸைத் தொடவில்லை. ரிவால்வரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இது விற்கறதுக்கில்லை, கார்லன்ட்."

"என்ன விளையாடறீங்களா? இவ்வளவு நேரம் புகழ்ந்து தள்ளினீங்க!"

"இதுன்னு இல்ல. இன்னைக்கு இந்தக் கடையில எதுவும் உனக்குக் கிடையாது."

"நான் காசு குடுக்கமாட்டேனா? அவதான் கிறுக்குத்தனமா பேசறான்னா, நீங்களுமா?"

"முதல்ல அவளைக் கேளுப்பா." ஹாஸ்கெல் லைசென்ஸை அவன் பக்கமே தள்ளினார். "துப்பாக்கி வேணுமான்னு கேட்காதே. என்ன பயம்னு கேளு."

கார்லன்ட் திரும்பினான். வெர்னாவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"திருடனுக்குத்தானே பயப்படறே?" என்றான். அவன் குரலில் இப்போது அந்த அதட்டல் இல்லை.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வெளியிலேர்ந்து வர்றவனை நெனைச்சு நான் ஒரு நாளும் பயந்ததில்ல, கார்லன்ட். நீ போனப்புறம் அந்த வீட்டுல நான் என்கூடத் தனியா இருக்கணுமே, அதுக்குத்தான் பயமா இருக்கு."

அந்த இளைஞன் தோட்டா வாங்காமலேயே வெளியே போய்விட்டான்.

கார்லன்ட் போனை எடுத்தான். லாரிக் கம்பெனிக்குப் போட்டான். இன்னொரு கையால் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"திங்கட்கிழமை நான் வண்டி எடுக்கலை... இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் காவல் வேணும். நான் இருந்தாத்தான் சரிப்படும்."