பெரட்டுத் தண்டவாளம்

ஈப்போ முச்சந்தியில், பழைய இரும்புகளை வெல்டிங் வைத்துக் கோத்த புதுச் சிற்பம் காலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. அது கொக்கா, மரமா என்று தெருக் கூட்டும் வீரம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஏணியில் நிற்கும் வெல்டர் சீனி, ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க அதன் கழுத்தில் சுத்தியலால் தட்டுகிறான். ணங், ணங். அவள் கையிலிருந்து விளக்குமாறு நழுவுகிறது. கால்கள் தாமாகச் சேர்கின்றன, முதுகு நிமிர்கிறது. "நடுரோட்டுல நிக்கிறீங்களே அக்கா, லோரி வருது லா!" "காலு நகர மாட்டேங்குது தம்பி. அது என்னா இரும்பு?" "துண்டு போட்டு வித்த எஸ்டேட்டுலேருந்து வந்துச்சு. விடியக்காலம் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புற பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிப்பாங்களே, அந்தத் தண்டவாளம்." அவள் தோட்ட வேலையை விட்டு வந்து ஒன்பது வருஷமாகிறது. லோரி ஹாரன் அலறுகிறது. நகரலாமா கூடாதா என்று தெரியாமல், தன் பேரைக் கூப்பிடட்டும் என்று நிற்கிறாள் வீரம்மா.