இன்னும் கோக்காத பேர்

"கல்யாணக் கார்டெல்லாம் எதுக்கு, போன்லயே எல்லாருக்கும் சொல்லிடலாம்னுதான் அவர் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கலை அக்கா. அவருக்குத் தெரியாம அடிச்சுட்டுப் போய் அசத்தணும்."

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகு ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்திருந்தாள். அந்தச் சந்தோஷம் அவளை வாய் மூட விடவில்லை.

அச்சகத்து அக்கா மைக் கறையைத் துணியில் துடைத்தபடி சிரித்தாள். "இங்க ஒவ்வொரு எழுத்தா கையால பொறுக்கிக் கோக்கணும்மா. மத்தியானம் ஆயிடும். பரவாயில்லையா?"

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். கையால அச்சடிக்கிற இடம் இது ஒண்ணுதானாமே. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு மத்தியானம் வரைக்கும் காத்திருக்கத் தெரியாதா?"

சுவரோரத் தட்டில் ஈய எழுத்துகள் வரிவரியாக அடுக்கி, நூல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. "இதெல்லாம் என்னக்கா?"

"திரும்ப அடிக்க வேண்டியது. டாக்டர் சீட்டு, சோப்பு லேபிள், வருஷா வருஷம் வர்ற பிறந்தநாள் கார்டு. அதுல வயசை மட்டும் மாத்தினாப் போதும். மத்ததையெல்லாம் பிரிச்சு, எழுத்தை அதது பெட்டியில போட்டுடுவோம்."

"அப்ப என் கார்டைப் பிரிச்சிடுவீங்களா?"

"கல்யாணம் ஒரு தடவைதானேம்மா."

இருவரும் சிரித்தார்கள். அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை அக்கா வாங்கிப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"மருந்துக் கம்பெனியில விற்பனை. எங்க கடைக்கு வந்து போய்த்தான் பழக்கம். மாசத்துல பாதி நாள் வெளியூர்."

"இதுல இருக்கிறது அவரோட அப்பா அம்மா பேரா?"

"ஆமாக்கா. ரெண்டு பேருமே இப்ப இல்லை. என்னை விட்டா அவருக்கு யாருமில்லை. நாளைக்கு வேலையை விட்டுடறேன், அடுத்த வாரம் கல்யாணம்."

"போட்டோ இருக்கா?"

பெருமையாகப் போனை நீட்டினாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "சிரிச்ச முகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டுப் பக்கம் போனாள்.

அவள் டீ டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விசாரிக்கக்கூட ஆளில்லாத மாப்பிள்ளை என்று அம்மா புலம்பியது ஞாபகம் வந்தது. விசாரித்துக் கட்டிவைத்த தங்கை மட்டும் என்ன வாழ்ந்தாள்? கார்டைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்ததில் அந்தக் கவலையும் கரைந்துபோனது.

டீ ஆறுவதற்குள் அக்கா திரும்பி வந்தாள். கையில் மை காயாத ஒரு துண்டுக் காகிதம்.

"அதுக்குள்ளயா?" ஆசையாக வாங்கிப் பார்த்தாள். அவன் பேர், அவனுடைய அப்பா அம்மா பேர், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "என் பேர் எங்கக்கா?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மைக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேரை இன்னும் கோக்கவே இல்லைம்மா. இது ஏற்கனவே கட்டி வச்சிருந்த வரிங்க. தாத்தா பாட்டியும் கூட வந்திருந்தாங்க, அவர் பொண்ணோட பிறந்தநாள் கார்டுக்கு. அடுத்த வருஷமும் வருவோம், பிரிச்சிடாதீங்கன்னு அவர் சம்சாரம்தான் சொல்லிட்டுப் போனா."