தப்பு யார் மேல?

ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் துணி இன்னும் குடோனிலேயே கிடந்தது. ஆனால், "உங்கள் சரக்கு புறப்பட்டுவிட்டது" என்று மதுரை ஆஸ்பத்திரிக்குச் செய்தி போய்விட்டது. அனுப்பியது, ஆபீசுக்குப் புதிதாக வந்த ஏஐ ஏஜெண்ட்.

"யாருலே இதுக்குப் பொறுப்பு?" முதலாளி ஞானதுரை கத்தினார்.

மேனேஜர் ஜெபக்குமார் எழுந்து வந்தான்.

"ஏஜெண்ட் மேல தப்பில்ல அண்ணாச்சி. 'ஆர்டரை முடிக்கும்'னு ஒத்த வரிதான் கம்ப்யூட்டர்ல அந்த 'டூல்' பட்டனுக்கு விளக்கமா நான் எழுதி வச்சிருந்தேன். அதைத் தொட்டா ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் போயிரும்னு எழுதல. அதுக்கு என்ன தெரியும், பாவம்!"

"அதுவும் சரிதான். அதுக்கென்ன ஜோசியமா தெரியும்? பச்சப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி எழுதிப் போடு."

ஜெபக்குமார் அப்போதே உட்கார்ந்து எழுதினான். எப்போது தொடலாம், எப்போது தொடவே கூடாது, தொட்டால் யாருக்குச் செய்தி போகும், எல்லாம்.

வாசித்துப் பார்த்த முதலாளி அவன் தோளில் கை போட்டார். "தன் தப்பைத் தானே ஒத்துக்கிடுதான் பாரு, இவன் மனுசன்!"

பக்கத்து மேசை ஷெரின் சந்தோஷமாக எழுந்து ஜெபக்குமாரிடம் கேட்டாள்.

"அப்ப பாண்டிசெல்வியைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லட்டுமா சார்? போன மாசம் அவளும் இதே ஒத்த வரியப் படிச்சுத்தான அமுக்குனா? நீங்க எல்லார் முன்னாடியும் தற்குறின்னு ஏசி அனுப்புனதுலருந்து, மம்சாபுரத்துல வீட்டைவிட்டு வெளியவே வரலையாம்."

தோளில் கிடந்த கை மெல்ல இறங்கியது. முதலாளி ஜெபக்குமார் பக்கம் திரும்பினார்.

"ஏலே, கல்யாணம் கூடிட்டு, அவளாத்தான் நின்னுட்டான்னுல்லா எங்கிட்டச் சொன்னே?"